மருந்தின் மறுபக்கமும் செவிலியர் பொறுப்பும்

மருத்துவர் மருந்தை எழுதுகிறார். மருந்தாளர் அதை எடுத்துத் தருகிறார். ஆனால் அம்மருந்து நோயாளியின் உடலுக்குள் செல்லும் கணத்தில் அவர் அருகில் நிற்பவர் செவிலியரே. எழுதியதில் தவறு நேர்ந்தால் மருந்தாளர் அதைக் கண்டுகொள்ளக் கூடும். மருந்தகத்தில் தவறு நேர்ந்தால் செவிலியர் அதைத் தடுத்துவிடக் கூடும். செவிலியரின் கையில் தவறு நேர்ந்தால் அதைத் தடுப்பதற்கு அதற்கு அப்பால் எவரும் இல்லை. ஆகவே, மருந்தளித்தல் என்பது ஓர் இயந்திரப் பணியன்று. மருத்துவமனையின் கடைசிக் காவல் அது. இக்காவல் எவ்வாறு அமைய வேண்டும், அதற்கு நிர்வாகம் செய்ய வேண்டியது யாது என்பவை நாட்டின் சுகாதார வளர்ச்சியோடு நெருங்கிய தொடர்புடைய வினாக்களாகும்.

வரலாறு கற்பித்த பாடம்

மருந்துகளின் தீமையைப் பற்றிய அறிவு எளிதில் கிட்டியதன்று. உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்றது. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்னும் மருந்தை இனிப்பு நீர்மமாகத் தயாரித்தவர்கள், அதைக் கரைப்பதற்கு டைஎத்திலின் கிளைக்கால் என்னும் நச்சுப் பொருளைப் பயன்படுத்தினர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் குழந்தைகள். அடுத்த ஆண்டே அந்நாட்டில், விற்பனைக்கு வருமுன் மருந்தின் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்ற சட்டம் பிறந்தது. 1957இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, கருவுற்ற பெண்களின் காலை மசக்கைக்கும் உறக்கமின்மைக்கும் பாதுகாப்பானது எனப் பரப்பப்பட்டது. 1961இன் இறுதியில் அது திரும்பப் பெறப்படுவதற்குள் உலகெங்கும் பல்லாயிரம் குழந்தைகள் கைகால் குறைபாட்டுடன் பிறந்துவிட்டன. அந்தத் துயரத்தின் விளைவாகவே 1968ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் மருந்துகளின் தீய விளைவுகளைக் கண்காணிக்கும் பன்னாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

நம் நாட்டில் மருந்துகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1940ஆம் ஆண்டிலும் அதன் விதிகள் 1945ஆம் ஆண்டிலும் ஏற்பட்டன. எனினும், சட்டம் இருப்பதாலேயே விழிப்பு வந்துவிடுவதில்லை. 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில், நச்சுப் பொருள் கலந்த கிளிசரின் கொடுக்கப்பட்டதால் 14 நோயாளிகள் உயிரிழந்தனர். நீதிபதி லெண்டின் ஆணையம் அதை விசாரித்தது. 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், தமிழ்நாட்டில் தயாரான இருமல் மருந்தை உட்கொண்ட இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். 1937, 1986, 2025 ஆகிய மூன்று நிகழ்ச்சிகளிலும் காணப்பட்ட நஞ்சு ஒன்றே.

இத்தகைய நஞ்சைக் கண்டறிவது ஆய்வுக் கூடத்தின் வேலை, செவிலியருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு உண்டு. ஒரே மருந்தை உட்கொண்ட பலருக்குச் சிறுநீர் குறைந்து வருவதை முதலில் காட்டுவது ஆய்வுக் கூடத்தின் அறிக்கையன்று. உட்கொண்ட நீரும் வெளியேறிய நீரும் எவ்வளவு என்று வார்டில் செவிலியர் எழுதும் குறிப்பேடே. அக்குறிப்பை மனம் ஊன்றி எழுதுபவரும், அடுத்தடுத்த படுக்கைகளின் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பவரும் ஒரு பேரிடரின் முதல் எச்சரிக்கையை ஒலிக்க வல்லவர் ஆவர்.

மூன்றும் ஒன்றல்ல

பக்க விளைவு, ஒவ்வாமை, மருந்தளிப்புப் பிழை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கமாக உள்ளது. இவற்றைப் பிரித்தறிவது முதற்படியாகும்.

சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுத்தபோதும் அதன் இயல்பாலேயே எழுவது பக்க விளைவு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குகிறது. இதனால் தீங்கில்லை, ஆயினும், முன்கூட்டியே சொல்லப்படாத நோயாளி அதை இரத்தம் என்று அஞ்சி மருந்தையே நிறுத்திவிடுகிறார். அதே சிகிச்சையில் சேரும் ஐசோனியாசிட் கைகால்களில் எரிச்சலையும் மரத்துப்போதலையும் உண்டாக்கலாம். பைரிடாக்சின் மாத்திரை அதைத் தடுக்கிறது. எத்தாம்பியூட்டால் கண் நரம்பைத் தாக்கலாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியவில்லை என்று நோயாளி சொன்னால் அச்சொல்லை ஒரு நாளும் தள்ளிப்போடலாகாது. கண் மஞ்சளித்து, பசி அற்று, வாந்தி எடுத்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எது பொறுத்துக்கொள்ளத் தக்கது, எது உடனே அறிவிக்கத் தக்கது என்ற இந்த வேறுபாட்டை நோயாளிக்கு அவர் மொழியில் விளக்குவதே ஆறு மாதச் சிகிச்சை முறியாமல் காக்கும் வழி.

ஒவ்வாமை என்பது உடலின் தற்காப்பு முறை மருந்தையே பகையாகக் கருதித் தாக்குவதாகும். இதற்கு மருந்தின் அளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு துளியும் போதும். மருந்தளிப்புப் பிழையோ இவ்விரண்டிலிருந்தும் வேறானது. அது மருந்தின் குற்றமன்று. மனிதரின் கவனத்திலும் முறையிலும் ஏற்படும் குறை. முதல் இரண்டையும் எப்போதும் தவிர்க்க இயலாது; விரைவில் கண்டறிந்து தீங்கைக் குறைக்கலாம். மூன்றாவதைத் தவிர்க்க இயலும். 2017ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் ‘தீங்கில்லா மருந்தளிப்பு’ என்னும் அறைகூவலை விடுத்து, தவிர்க்கக் கூடிய கடும் தீங்குகளை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைக்க இலக்கு வைத்தது. உலகெங்கும் இப்பிழைகளால் ஏற்படும் செலவு ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் என அந்நிறுவனம் மதிப்பிட்டது.

ஐந்து சரிகள்

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்னும் ஐந்து சரிகளை ஒவ்வொரு செவிலியர் மாணவியும் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்கிறார். மனப்பாடம் செய்வது எளிது. நாற்பது படுக்கைகள் கொண்ட வார்டில், இரவுப் பணியின் இறுதியில் கடைப்பிடிப்பது எளிதன்று. ஆகவே ஒவ்வொன்றும் எங்கே வழுக்குகிறது என்பதை அறிந்திருத்தல் நலம்.

நோயாளியை அடையாளம் காண்பதில் படுக்கை எண்ணை நம்பலாகாது. மாலையில் 12ஆம் படுக்கையில் இருந்தவர் இரவில் 14க்கு மாற்றப்பட்டிருக்கலாம். ‘நீங்கள் லட்சுமிதானே?’ என்று கேட்டால், அரைத்தூக்கத்தில் இருப்பவரும், காது கேளாதவரும், செவிலியரைக் கண்டு தயங்குபவரும் ‘ஆமாம்’ என்றே தலையசைப்பர். ‘உங்கள் பெயர் என்ன?’ என்று கேட்டு விடையை அவர் வாயிலிருந்தே பெற வேண்டும். ஒரே பெயருடைய இருவர் ஒரு வார்டில் இருப்பது நம் நாட்டில் அரிதன்று. எனவே, பெயரோடு மருத்துவமனைப் பதிவு எண்ணையும் ஒப்பிடுதல் இன்றியமையாதது.

மருந்தின் பெயர்களில் ஒலி ஒற்றுமை பெருந்தடை. குளோர்புரோமசின் மனநோய்க்கானது, குளோர்புரோபமைடு இரத்தச் சர்க்கரையைக் குறைப்பது. டோபமின், டோபுட்டமின் இரண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவில் அருகருகே இருப்பவை. ஆனால் செயலில் வேறுபட்டவை. பெயரின் முதல் பாதியைக் கண்டவுடன் மீதியை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. ஆகையால் அலமாரியிலிருந்து எடுக்கும்போதும், ஊசியில் ஏற்றும்போதும், காலிக் குப்பியை எறியும் முன்னும் என மும்முறை பெயர்ச்சீட்டைப் படிக்க வேண்டும் என்ற பழைய விதி இன்றும் பொருளுடையதே. மருந்துகளைப் பொதுப்பெயரில், தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என மருத்துவர்களுக்கு 2016ஆம் ஆண்டில் இந்திய மருத்துவக் கவுன்சில் விதித்தது. படிக்க இயலாத எழுத்தை ஊகித்துக் கொடுப்பது செவிலியரின் கடமையன்று. கேட்டுத் தெளிவதே கடமை.

வழியைப் பொறுத்தவரை, நாட்டில் பரவலாகக் காணப்படும் ஒரு வழக்கம் கவனிக்கத் தக்கது. விழுங்க இயலாத நோயாளிக்கு மூக்கு வழிக் குழாயில் செலுத்துவதற்காக எல்லா மாத்திரைகளையும் பொடி செய்துவிடுகின்றனர். பல மணி நேரம் சிறுகச் சிறுகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால், நாள் முழுவதற்குமான அளவு ஒரே சமயத்தில் உடலில் கலந்துவிடும். இரத்த அழுத்தத்திற்கான நிஃபெடிப்பின் இவ்வாறு பொடிக்கப்பட்டால் அழுத்தம் திடீரெனச் சரியும்.

நேரத்தோடு இணைந்தது பதிவு. மருந்தைக் கொடுத்த பின்னரே கேஸ் ஷீட்டில் குறிக்க வேண்டும். எல்லாவற்றையும் முன்கூட்டியே குறித்துவிட்டுப் பின்னர் கொடுக்கப் போவது வேகமான வழியாகத் தோன்றலாம். இடையில் ஓர் அவசரம் குறுக்கிட்டால், கொடுக்காத மருந்து கொடுத்ததாகவே ஏட்டில் நின்றுவிடும். மாத்திரையை உடனிருப்பவரிடம் கொடுத்துவிட்டு நகர்வதும் இத்தகையதே. அது நோயாளியின் வாய்க்குப் போயிற்றா, தலையணைக்கு அடியில் போயிற்றா என்பது எவருக்கும் தெரியாது.

அளவில் ஒளிந்திருக்கும் ஆபத்து

கணக்கில் நேரும் சிறு பிழை உடலில் பெரும் பிழையாகும். நம் நாட்டு வார்டுகளுக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டு இன்சுலின். இங்குப் பெரும்பாலான இன்சுலின் குப்பிகள் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு வலிமை கொண்டவை. அவற்றுக்கு உரியது சிவப்பு மூடியுள்ள 40 அலகு ஊசி. பேனாவுக்கான கார்ட்ரிட்ஜ்கள் மில்லிலிட்டருக்கு 100 அலகு கொண்டவை. ஆரஞ்சு மூடியுள்ள ஊசியே 100 அலகுக்கு உரியது. 40 அலகுக் குப்பியிலிருந்து 100 அலகு ஊசியால் 20 என்ற கோடு வரை எடுத்தால், நோயாளி பெறுவது 20 அலகன்று, 8 அலகே. மாறாக, 100 அலகு இன்சுலினை 40 அலகு ஊசியால் 20 என்ற கோடு வரை எடுத்தால், உடலுக்குள் செல்வது 50 அலகு. வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம், மயக்கம் என்ற வரிசையில் அந்த நோயாளி மரணத்தை நோக்கி நகரக் கூடும். குப்பியின் எண்ணும் ஊசியின் எண்ணும் ஒன்றா என்று பார்க்க ஒரு நொடி போதும்.

குழந்தைகளுக்கான பாராசிட்டமால் மற்றோர் எடுத்துக்காட்டு. எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில், 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வேண்டியது 180 மில்லிகிராம். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள நீர்மத்தில் இது 7.5 மில்லிலிட்டர்; 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ளதில் 3.6 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தில் 1.8 மில்லிலிட்டர். மூன்றும் கடையில் கிடைக்கின்றன. நீர்மத்துக்குச் சொன்ன 7.5 மில்லிலிட்டரைச் சொட்டு மருந்திலிருந்து கொடுத்துவிட்டால், குழந்தை பெறுவது 750 மில்லிகிராம். அதாவது, வேண்டியதைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். ஆகவே தாயிடம் ‘ஒன்றரை ஸ்பூன் கொடுங்கள்’ என்று சொன்னால் போதாது. எந்தப் பாட்டிலிலிருந்து என்பதையும் காட்டிச் சொல்ல வேண்டும்.

எழுதும் முறையிலும் ஆபத்து உண்டு. அலகு என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்து ‘யு’ கவனமின்றி எழுதப்பட்டால் பூஜ்யமாகத் தோன்றி, 10 அலகு 100 ஆகிவிடும். ‘.5’ என்று எழுதினால் புள்ளி கண்ணுக்குத் தப்பி 5 ஆகும், ‘5.0’ என்று எழுதினால் 50 ஆகும். புள்ளிக்கு முன் பூஜ்யம் இருக்க வேண்டும்; முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூஜ்யமும் கூடா.

எல்லாவற்றினும் அச்சந்தருவது செறிவான பொட்டாசியம் குளோரைடு. 10 மில்லிலிட்டர் ஆம்பூல் ஒன்றில் 20 மில்லி ஈக்விவலண்ட் பொட்டாசியம் உள்ளது. தோற்றத்திலோ அது காய்ச்சி வடித்த நீரைப் போன்ற தெளிந்த திரவம். நீரென்று எண்ணி மற்றொரு மருந்தைக் கரைக்கப் பயன்படுத்தி நேரே சிரையில் செலுத்தினால், இதயம் அக்கணமே நின்றுவிடும். அதை எப்போதும் நீர்க்கச் செய்தே, மெல்லச் செலுத்த வேண்டும். பாட்டிலில் சேர்த்தபின் நன்கு குலுக்க வேண்டும். இல்லையேல் அடியில் தங்கிய பொட்டாசியம் மொத்தமாக இறங்கிவிடும். இன்சுலின், ஹெப்பாரின், மார்ஃபின், பொட்டாசியம் ஆகியவற்றை இரு செவிலியர் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிட்ட பின்னரே கொடுப்பது என்ற மரபை ஒவ்வொரு மருத்துவமனையும் வகுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கணக்கிட, மற்றவர் வெறுமனே கையொப்பமிடுவது சரிபார்த்தல் ஆகாது.

கொடுத்த பின்னும் பணி உண்டு

மருந்து உடலில் சென்றதோடு செவிலியரின் பணி முடிவதில்லை. ஒரு வகையில் அப்போதுதான் தொடங்குகிறது. மாரடைப்பும் மூட்டுவலியும் வேறென அறியாத ஊர்களிலும் வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்ட இளைஞர்கள் உள்ளனர். அவர்களுக்கு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பென்சத்தின் பென்சிலின் ஊசி தேவை. ஒவ்வாமைக்கு அஞ்சிப் பல நிலையங்கள் இவ்வூசியைப் போடவே மறுக்கின்றன. வேறு சில, தோலில் சோதனை ஊசி போட்டுவிட்டதே போதுமெனக் கவலையற்றிருக்கின்றன. இரண்டும் சரியல்ல. சோதனையில் ஒன்றும் காணாதவருக்கும் ஒவ்வாமை வரலாம். முன்பு எந்த மருந்தாவது ஒவ்வாமல் போனதுண்டா என்று கேட்டறிவது, ஊசிக்குப் பின் அரை மணி நேரம் நோயாளியை அமர்த்தி வைப்பது, அட்ரினலினைக் கைக்கெட்டும் தொலைவில் வைப்பது ஆகிய மூன்றுமே உண்மையான காப்பு.

உடலெங்கும் தடிப்பு, குரல் கரகரத்தல், மூச்சுத்திணறல், நாடி தளர்தல் ஆகியவை தோன்றினால் முதல் மருந்து அட்ரினலினே. பெரியவருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு கரைசலில் 0.5 மில்லிலிட்டர், தொடையின் வெளிப்புறத் தசையில் செலுத்தப்பட வேண்டும். அரிப்புக்கான ஊசியையும் ஸ்டீராய்டையும் முதலில் போட்டுவிட்டுக் காத்திருப்பது பொன்னான நிமிடங்களை இழப்பதாகும்.

இதய நோய்க்கான டிகாக்சினைக் கொடுக்கும் முன், இதயத்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவருக்கு அது 60க்குக் குறைவாயின் மருந்தை நிறுத்தி மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். குமட்டலும் பொருள்கள் மஞ்சளாகத் தெரிவதும் மருந்து மிகுந்ததன் அடையாளங்கள். பிரசவ கால வலிப்புக்கான மக்னீசியம் சல்ஃபேட்டில் ஒவ்வொரு மறு அளவுக்கும் முன் மூன்றைச் சோதிக்க வேண்டும்: முழங்கால் அனிச்சை இருக்க வேண்டும், மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையலாகாது, சிறுநீர் மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறையலாகாது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அடுத்த ஊசி இல்லை. மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் அருகிலேயே இருக்க வேண்டும்.

தனித்து நிற்கும் ஊழியர்

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு மூத்தவர் உண்டு. துணை சுகாதார நிலையத்தில் துணைச் செவிலியர் தனித்தே நிற்கிறார். வலிப்பு வந்த தாயை மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்பும் முன், மக்னீசியம் சல்ஃபேட்டின் முதல் அளவான 10 கிராமை, புட்டத்திற்கு 5 கிராம் வீதம் தசையில் செலுத்த அவருக்கு அனுமதி உண்டு. 2 மில்லிலிட்டர் ஆம்பூலில் ஒரு கிராம் மட்டுமே இருப்பதால், பத்து ஆம்பூல்களை உடைத்தாக வேண்டும். அவசரத்தில் எண்ணிக்கை தவறாமல் இருக்க, பத்தும் ஒரே பெட்டியில் கட்டி வைக்கப்பட்டிருப்பது எத்துணை உதவி!

பிரசவத்திற்குப் பின் உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடாசின் 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் இருந்தால்தான் வீரியம் குன்றாது. மேசை மீது கோடை முழுவதும் கிடந்த ஆம்பூலை நம்பித் தாயின் உயிரைப் பணயம் வைக்க முடியாது. அதே நோக்கத்திற்கான மெத்தில் எர்கோமெட்ரினை இரத்த அழுத்தம் மிகுந்த தாய்க்குப் போடலாகாது. தட்டம்மைத் தடுப்பு மருந்தை அதற்குரிய கரைப்பானில் மட்டுமே கரைக்க வேண்டும். கரைத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது. இவை சிறு விதிகளே. ஆனால் இவற்றை மீறியதன் விளைவு ஒரு குழந்தையின் இறப்பாக வந்தால், அந்தச் சிற்றூர் மட்டுமன்றிச் சுற்றியுள்ள ஊர்களும் தடுப்பூசியையே வெறுக்கத் தொடங்கும்.

மறைப்பதா, அறிவிப்பதா?

இத்தனைக்கும் பின்னரும் பிழை நேரும். மனிதர் இருக்கும் இடத்தில் பிழையும் இருக்கும். பிழை நேர்ந்த பின் என்ன செய்வது என்பதே ஒரு மருத்துவமனையின் பண்பைக் காட்டும் உரைகல்.

பெரும்பாலான இடங்களில் நடப்பது யாது? தவறான மருந்தைக் கொடுத்துவிட்டதாக ஓர் இளம் செவிலியர் உணர்கிறார். சொன்னால் மெமோ வரும். சம்பள உயர்வு நிற்கும். உறவினர் கூடிச் சண்டையிடுவர். சொல்லாவிட்டால், நோயாளிக்கு ஒன்றும் நேராமலும் போகலாம். இந்தக் கணக்கில் மௌனமே வெல்கிறது. ஆனால் அந்த மௌனத்தின் விலையை முதலில் கொடுப்பவர் நோயாளி. மாற்று மருந்து தரப்பட வேண்டிய நேரம் வீணாகிறது. இரண்டாவதாகக் கொடுப்பவர் அடுத்த மாதம் அதே அலமாரியிலிருந்து அதே ஆம்பூலை எடுக்கப் போகும் மற்றொரு செவிலியர். பிழை ஒருவருடையதாகத் தோன்றினாலும் அதன் காரணங்கள் பெரும்பாலும் பலருடையவை: ஒரே தோற்றமுள்ள இரு ஆம்பூல்களை அருகருகே வைத்தவர், படிக்க இயலாமல் எழுதியவர், மூவர் செய்ய வேண்டிய பணியை ஒருவரிடம் விட்டவர், மருந்து கலக்கும் நேரத்தில் தொலைபேசிக்கு அழைத்தவர். கடைசியில் நின்றவரை மட்டும் தண்டித்தால் ஏனைய காரணங்கள் அப்படியே இருக்கும். அலட்சியத்தாலும் தீய நோக்காலும் நடந்தவற்றிற்குத் தண்டனை வேண்டும் என்பதில் ஐயமில்லை. நேர்மையாக முன்வந்து சொன்ன பிழைக்கும் அதே தண்டனை என்றால், இனி எவரும் சொல்லமாட்டார்.

மருந்தின் தீய விளைவை அறிவிப்பதற்கு நாட்டில் ஓர் ஏற்பாடு உள்ளது. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 ஜூலையில் தொடங்கப்பட்டது. அதன் தேசிய ஒருங்கிணைப்பு மையம் 2011 முதல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தில் இயங்கி வருகிறது. மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் கண்காணிப்பு மையங்கள் உள்ளன. மருத்துவர் மட்டுமே அறிவிக்க வேண்டும் என்பதில்லை; செவிலியரும் மருந்தாளரும் அறிவிக்கலாம். நோயாளிகளுக்கெனத் தனிப் படிவம் உண்டு. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு. நோயாளியின் பெயரின் முதலெழுத்துகள், வயது, தோன்றிய விளைவு, தொடங்கிய நாள், ஐயத்துக்குரிய மருந்து, அறிவிப்பவர் விவரம் ஆகியவை இருந்தாலே அறிக்கை தொடங்கிவிடலாம். மருந்துதான் காரணம் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை, ஐயமே போதும். அறிக்கை அனுப்புவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது என்று படிவமே கூறுகிறது.

இவ்வறிக்கைகள் கோப்புகளில் உறங்கிவிடுவதில்லை. மாதவிடாய் வலிக்கும் காய்ச்சலுக்கும் பரவலாக உட்கொள்ளப்படும் மெஃபெனாமிக் அமிலம், தோல் தடிப்போடு உள்ளுறுப்புகளையும் தாக்கும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஆணையம் நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது. எங்கோ ஒரு வார்டில் தடிப்பைக் கண்டு, அது எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன மாத்திரை உட்கொண்டார் என்று கேட்டு எழுதியவர்களின் உழைப்பே இத்தகைய எச்சரிக்கைகளுக்கு வேர்.

நிர்வாகத்தின் கடமை

செவிலியரின் விழிப்பை மட்டும் வேண்டுவது நியாயமாகாது. விழிப்போடு இருக்க இயலும் சூழலை அமைப்பது நிர்வாகத்தின் கடமை. அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. செறிவான பொட்டாசியத்தைப் பொது அலமாரியிலிருந்து நீக்கித் தனியே பூட்டி வைக்கலாம். 40 அலகுக் குப்பிகளை வாங்கும் மருத்துவமனை 100 அலகு ஊசிகளை வாங்காமல் இருக்கலாம். ஒரே தோற்றமுள்ள மருந்துகள் கொள்முதலில் வந்தால் வேறு நிறச் சீட்டு ஒட்டலாம். மருந்து கலக்கும் மேசைக்குப் போதிய விளக்கு போடலாம். அந்நேரத்தில் செவிலியரை வேறு வேலைக்கு அழைக்கலாகாது என்று ஆணையிடலாம். தொலைபேசியில் சொல்லப்படும் உத்தரவைச் செவிலியர் எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டுவதையும், மருத்துவர் பின்னர் கையொப்பமிடுவதையும் வழக்கமாக்கலாம். பணி ஒப்படைப்புக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கலாம். மாதம் ஒருமுறை, பெயர்களைத் தவிர்த்து, நேர்ந்த பிழைகளையும் நேரவிருந்து தப்பிய பிழைகளையும் கூடிப் பேசலாம்.

பணம் தேவைப்படும் ஒன்று உண்டு. அதுவே முதன்மையானது: போதிய எண்ணிக்கையில் செவிலியர். ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கை கூடக் கூட, மும்முறை பெயர்ச்சீட்டைப் படிக்கும் நேரமே முதலில் மறைகிறது. காலிப் பணியிடங்களை நிரப்புவது ஊழியர் நலம் மட்டுமன்று. மருந்துப் பாதுகாப்புத் திட்டமும் ஆகும். 1947ஆம் ஆண்டின் இந்திய செவிலியர் மன்றச் சட்டம் கல்விக்கு ஒரே தரத்தை வகுக்க முனைந்தது. 2023இல் தேசிய செவிலியர், மகப்பேறு பணி ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கல்வியின் தரம் உயரும்போது மருந்தியலும் கணக்கும் தேர்வுக்கான பாடங்களாக மட்டும் நில்லாமல், வார்டில் கைகூடும் திறன்களாக மாற வேண்டும்.

‘இந்த அளவு சரிதானா?’ என்று மருத்துவரிடம் கேட்கும் செவிலியரை மரியாதையற்றவர் எனக் கருதும் மனப்பான்மை இன்னும் பல இடங்களில் நிலவுகிறது. உண்மையில், அந்தக் கேள்வி நோயாளிக்கு மட்டுமன்றி மருத்துவருக்கும் காப்பு. கேட்பவருக்குத் துணிவும், கேட்கப்படுபவருக்குப் பொறுமையும், இருவருக்கும் துணை நிற்கும் நிர்வாகமும் ஒருங்கே அமைந்தால், மருந்து தன் நன்மையைச் செய்யும். அதன் தீமை குறையும். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 17ஆம் நாள் உலக நோயாளி பாதுகாப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் ஏற்கும் உறுதிமொழி, மறுநாள் காலை ஆறு மணிக்கு மருந்துத் தட்டுடன் முதல் படுக்கையை நோக்கி நடக்கும் செவிலியரின் கையில்தான் மெய்யாக வேண்டும்.